மதுரை யாரை எடுக்கும்?

மார்ச் 28

நாலாம் வகுப்போடு படிப்பை முடித்தவள் டைரி எழுதினால் நாடு தாங்குமா? தாங்கித்தான் ஆக வேண்டும். போன வருஷம், "சென்னைக்காரன் அந்த இடதுகைப் பயலைத்தான் முதலில் கூப்பிடுவான்" என்று தோசைக் கரண்டியும் கையுமாக நின்று சொன்னேன். அப்படியே நடந்தது. ஆனால் நான் சொன்னதாக ஒருத்தனும் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க எப்பக்கா சொன்னீக?" என்று வாயைத் துடைத்துக்கொண்டு போனான்கள், என் சட்னியைத் தின்றுவிட்டு. அதனால் இந்த வருஷம் தேதி போட்டு எழுதுகிறேன். உரக்கடையில் கொடுத்த டைரி. அட்டையில் பூச்சிமருந்து படம்.

வைகைப்புதூரில் குழந்தை நடப்பதற்கு முன்னால் பந்து தட்டும். அப்படி ஒரு பாஸ்கட்பால் பைத்தியம் எங்கள் ஊருக்கு. மைதானத்து வாசலில்தான் என் மெஸ். தென்னக லீக்கில் ஆறு அணி. புது ஆட்களை எடுக்க வருஷத்தில் ஒரு நாள் வைக்கிறார்கள், அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஏலம் கிடையாது. கல்யாணப் பந்தி மாதிரி வரிசை. போன வருஷம் கடைசியில் வந்தவனுக்கு முதல் இலை. ஒவ்வோர் அணிக்கும் இரண்டு முறை, இரண்டு ஆள். இந்த வருஷம் மே நாலாம் தேதி. யார் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிச் சண்டை போடுவதுதான் அதுவரைக்கும் ஊருக்கு வேலை.

ஏப்ரல் 1

முட்டாள்கள் தினம். நல்ல நாளாகப் பார்த்து என் கணிப்பை எழுதுகிறேன்.

மதுரை வேங்கைகளுக்கு முதல் முறையில் சேலத்துப் பையன், பந்தைக் கொண்டுபோகிறவன். இரண்டாவது முறையில் எங்கள் சுருளிவேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மதுரைக்கு உயரமான ஆள் வேண்டும். போன வருஷம் எடுத்த உயரக்காரன் முட்டி வலியை மறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். இரண்டு ஆட்டம் ஆடினான், மீதி ஆட்டமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். அந்த இடம் காலியாக இருக்கிறது. சுருளி ஆறரை அடி. என் மெஸ்ஸில் அவன் தலை இடித்து இடித்து நிலைப்படியில் பெயின்ட் போய்விட்டது. அடுத்த வருஷம் அவனுக்கு இருபத்து மூன்று முடிந்துவிடும், டிராஃப்டில் பெயர் சேர்க்க மாட்டார்கள். இதுதான் அவனுக்குக் கடைசி. விட்டால் அவன் அம்மா வேலை பார்க்கும் வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டம்தான்.

எதிர்க்கடை சலூன் கோட்டைச்சாமி, என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், ஒத்துக்கொள்ளவில்லை. "மதினி, மதுரைக்காரன் சுருளியத் தொட மாட்டான். எழுதி வச்சுக்கங்க" என்றார்.

"எழுதித்தான் வச்சிருக்கேன் கொழுந்தனாரே. உங்களுக்குத் தலையில முடி எங்க இருக்குன்னே தெரியாது, தலைவிதிய எங்க பாக்கப் போறீக?"

சலூனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். முகத்தில் சோப்பு போட்டிருந்தவன் சிரித்துக் காதெல்லாம் நுரை.

ஏப்ரல் 5

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி மூன்று நாளாகிறது. சுருளியும் கட்டிக்கொண்டான். மதுரை எடுத்தால் போதும் என்று பூக்குழி இறங்க நேர்ந்திருக்கிறானாம். பூக்குழி நாள் வரைக்கும் கறி, மீன், முட்டை கிடையாது. விரதக்காரர்களுக்கு வருஷா வருஷம் நான் தனி அடுப்பு, தனிக் கரண்டி வைப்பேன்.

"ஏண்டா, தீயில நடந்தா கூடையில பந்து விழுகுமா?"

"அத்தே, வெளையாடாதீக. ஆத்தா காரியம்."

அவன் கன்னம் ஏற்கெனவே ஒட்டிக் கிடக்கிறது. பதினெட்டாம் தேதி மதுரை அணியிலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள். இந்த நேரத்தில் கீரையும் மோருமாகச் சாப்பிட்டுக்கொண்டு காலையில் இரண்டு மணி நேரம் ஓடுகிறான். நேற்று ஓடி முடித்ததும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், கண் சொருகிவிட்டது.

ஏப்ரல் 7

இன்று வேலை அதிகம். முட்டை எண்ணிக்கை இடித்தது, வேலைக்காரி கேட்டாள். பூனை என்று சொன்னேன்.

ஏப்ரல் 10

சுருளிக்கு முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. "அத்தே, ஊத்தப்பம் என்னா இம்புட்டு மெத்துனு இருக்கு?" என்றான். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் எல்லாம் தூக்கலாகப் போடுகிறேன். வாசனைக்கு நல்லது.

"ஆத்தா கை பட்டதுடா" என்றேன். நம்பிக்கொண்டு இன்னும் இரண்டு தின்றான்.

மின்கட்டணம் கட்டப் போனேன், அங்கே கூட்டம். கோட்டைச்சாமி வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். "பெண்கள் முதல்" என்று அவரைத் தள்ளிவிட்டுக் கட்டினேன்.

ஏப்ரல் 13

பூக்குழி.

நூறு பேருக்கு மேல் இறங்கினார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி போனாள், பூவில் நடந்த மாதிரி போனாள். சுருளி நீளக்கால்காரன், நாலு எட்டில் கடந்துவிட்டான். கடந்த பிறகு பால் ஊற்றிய குழியில் காலை வைத்தவன் எடுக்கவே இல்லை. நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு. விரதம் சுத்தமாக இருந்தவனைத் தீ தொடாது. கால் சுட்டால் எங்கேயோ அழுக்குப் பட்டிருக்கிறது. அதனால் சுட்டாலும் ஒருத்தரும் வெளியே சொல்ல மாட்டார்கள், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். சுருளியும் சிரித்துக்கொண்டுதான் போனான்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. மெஸ்ஸின் பின்கட்டில் வைத்து அவன் காலைப் பார்த்தேன். இரண்டு குதிகாலும் கொப்புளம். கற்றாழையைச் சீவி வைத்துக் கட்டினேன்.

"அத்தே, யாருட்டயும் சொல்லிராதீக."

"நான் எதுக்குடா சொல்றேன்."

"நான் சுத்தமாத்தேன் இருந்தேன். படம்கூடப் பாக்கல. ஒரே ஒரு நா, அந்தப் பேரையூர்ப் பிள்ள போன் பண்ணுச்சு, பேசுனேன். அதுக்கா அத்தே?"

"அதுக்குத்தான். போனுல பேசுனாக் குதிகாலு, நேர்ல பேசுனா முழங்காலு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் எண்ணைப் போனிலிருந்து அழித்துவிட்டானாம். என் முன்னால் காட்டினான்.

நான் பாயசம் கொதிக்கிறதென்று உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 15

கூட்டம் இல்லை. பாத்திரங்களுக்கெல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன்.

ஏப்ரல் 18

மதுரை அணியிலிருந்து எபனேசர் சார் வந்தார். தூத்துக்குடிக்காரர், பழைய ஆட்டக்காரர். யாரை எடுக்கலாம் என்று ஊர் ஊராகப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. காலையில் மைதானத்தில் பயல்களை ஆடவிட்டுப் பார்த்தார். சுருளி காலில் துணி சுற்றி, இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு ஆடினான். குதிக்கிற பயல் குதிக்கவில்லை. கேட்டதற்குச் சுளுக்கு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றானாம்.

மத்தியானம் சார் என் மெஸ்ஸுக்கு வந்தார். அயிரைமீன் குழம்பு வைத்திருந்தேன். அவர் சாப்பிடும்போதே சுருளி வந்தான், படியேறும்போது சுவரைப் பிடித்து ஏறினான். சார் பார்த்துவிட்டார். அவன் கை கழுவப் போனதும் என்னைக் கேட்டார்.

"யக்கா, நீங்க தெனமும் பாக்குறீங்க. அந்தப் பையனுக்குக் கால்ல என்ன? சுளுக்குங்கான். போன வருசம் வந்தவனும் இதேதான் சொன்னான்."

எல்லாப் பயல்களும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தால் சிரிக்கலாம் என்று காத்திருக்கிற பயல்கள். கால் சுட்டது என்று சொன்னால் ஏன் சுட்டது என்று கேட்பார்கள்.

"அது முட்டி சார். பழைய சைக்கிள் செயினு. காலையில நாந்தேன் நல்லெண்ண விட்டு ஓட்டி விடுறேன். இல்லாட்டி கிறீச் கிறீச்சுனு தெருவே முழிச்சுக்கிரும்."

மெஸ்ஸே சிரித்தது. சாரும் சிரித்தார். மோரைப் பாதி வைத்துவிட்டு எழுந்தார்.

மோர் கொஞ்சம் புளிப்புத்தான்.

ஏப்ரல் 19

புது மோருக்கு உறை ஊற்றினேன். சிரித்தார் என்றால் விளையாட்டு என்று புரிந்துகொண்டிருப்பார். படித்தவர்தானே.

ஏப்ரல் 24

சுருளியின் கால் ஆறிவிட்டது. இன்று மைதானத்தில் பழையபடி வளையத்தைப் பிடித்துத் தொங்கினான். நான் கூரையிலிருந்து பார்த்தேன், வடாம் காயப்போடப் போனவள்.

சாயங்காலம் செய்தி வந்தது. மதுரைக்காரர்கள் சுருளி பெயருக்குப் பக்கத்தில் 'முட்டி சந்தேகம்' என்று போட்டிருக்கிறார்களாம். மதுரையில் பயிற்சிக்குப் போகிற பயல் ஒருவன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். யார் சொன்னது என்று பெரிய பேச்சு. அன்று மெஸ்ஸில் சிரித்த பயல்கள் நாலைந்து பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தனுக்கும் என் ஞாபகம் வரவில்லை. நான் பேசுவதை யாரும் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை, அது ஒரு வசதி.

ஒருத்தன் சொன்னான்: "கோட்டைச்சாமி மாமாதேன். அன்னைக்கு சார் அவரு கடையில சேவிங் பண்ணாரு. மதுரை எடுக்காதுன்னு முதல்லயே சொன்னவரு அவரு. தன் வாக்குப் பலிக்கணும்னு பயபுள்ள கால வாரி விட்டுட்டாரு."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

என்னையும் கேட்டார்கள். "இருக்கும், இருக்கும், மண்டைய வழிக்கிற கைதானே" என்றேன். எழுதிய பிறகு அதை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். தேதி போட்டு எழுதியது. இருக்கட்டும்.

ஏப்ரல் 26

ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறென்றால் சலூன் வாசலில் பெஞ்சு கொள்ளாது. இன்று கோட்டைச்சாமி தானே நாற்காலியில் உட்கார்ந்து தானே சுழன்றுகொண்டிருந்தார். பயல்களெல்லாம் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்து, வேண்டுமென்றே அவர் வாசல் வழியாக நடந்தான்கள். சுருளியும் போனான். அவனுக்கு முதல் முடியெடுத்தவர் கோட்டைச்சாமி.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். பயல்கள் இலையோடு எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள்.

"மதினி, நான் அந்தாளுட்ட மீசையப் பத்தித்தேன் பேசுனேன். நீங்களாச்சும் நம்புறீகளா?"

"சாப்பிடுங்க, ஆறுது" என்றேன். இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

ஏப்ரல் 28

இரண்டு நாளாகப் பயல்கள் கேட்கிறார்கள், "என்னக்கா, வாய்க்கு லீவா?" வாய்ப்புண் என்று சொல்லிவிட்டேன். ஒருத்தன் மணத்தக்காளிக் கீரை பறித்துக்கொண்டு வந்து கொடுத்தான். சமைத்துத் தின்றேன்.

ஏப்ரல் 29

எபனேசர் சாருக்குப் போன் போட்டேன். எண் அவரே கொடுத்துவிட்டுப் போனது, அடுத்த முறை அயிரைமீன் வந்தால் சொல்லச் சொல்லி.

"யக்கா, மீனு வந்துட்டா?"

"மீனு இல்ல சார். அந்த முட்டி விசயம். நான் சும்மா கேலிக்குச் சொன்னது. அவனுக்கு முட்டியில ஒண்ணுமில்ல."



"பின்ன ஏன் நொண்டுனான்?"

அப்போதும் எனக்கு உண்மை வாயில் வரவில்லை. "கால்ல ஒரு சின்னக் காயம் சார், ஆறிருச்சு" என்றேன்.

"யக்கா, நான் உங்க பேச்ச மட்டும் வச்சு எழுதல. அவன் குதிக்கல, படியில சுவரப் பிடிச்சான், சுளுக்குன்னு பொய் சொன்னான். உங்க பேச்சு அது மேல வந்து உக்காந்துட்டு. இப்ப நான் நம்புனா மட்டும் போதாது, மேல உள்ளவங்க கேப்பாங்க. ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. சீக்கிரம்."

ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் எதற்கென்று சுருளியிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 30

சொன்னேன்.

காலைச் சாப்பாட்டுக்கூட்டம் போன பிறகு உட்காரவைத்துச் சொன்னேன். முட்டி பற்றி நான்தான் சொன்னது என்றேன். அவன் என்னையே பார்த்தான். "வெளையாடுறீக" என்றான். இல்லை என்றேன். ஏன் என்றான்.

அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்றால் ஊத்தப்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தேன். முட்டையின் வெள்ளைக்கரு, காப்புக் கட்டிய நாலாம் நாளிலிருந்து தினமும், விரத அடுப்பில், விரதக் கரண்டியில். நீ கண் சொருகி நின்றாயே, அதைப் பார்த்துத்தான் என்றேன். பதினெட்டாம் தேதிக்கு உடம்பு வேண்டுமே என்றுதான். கோட்டைச்சாமி மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலயா அத்தே?"

"நீ ஒண்ணும் பண்ணல."

"அந்தப் பிள்ள ரெண்டு தடவ கூப்பிட்டுச்சு. எடுக்கவே இல்ல." எழுந்தான். நிலைப்படியில் தலை இடித்தது. தடவக்கூட இல்லை. "என்னயக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்ல. வேணாம்னு சொல்லிருப்பேன்ல."

இட்லியைத் தொடாமல் போய்விட்டான். நாலு இட்லி. ஆறிப்போய் மாட்டுக்குப் போட்டேன்.

மே 2

தேனியில் ஸ்கேன் எடுத்தான். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. முட்டி சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். உடனே மதுரைக்கு அனுப்பினானாம். பயல்கள் சொல்லித்தான் தெரியும். சுருளி பஸ் ஸ்டாண்டில் சாப்பிடுகிறான்.

மே 4

டிராஃப்ட் நாள். மைதானத்தில் திரை கட்டிக் காட்டினார்கள். ஊரே வந்தது. எல்லாருக்கும் சுண்டல் அவித்துக் கொண்டுபோனேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கோட்டைச்சாமி கடைசியில் தனியாக நின்றார்.

மதுரை முதல் முறையில் சேலத்துப் பையனை எடுத்தது. நான் எழுதியபடியே. "அக்கா, அக்கா" என்று பயல்கள் கத்தினார்கள்.

மதுரையின் இரண்டாவது முறை வந்தது. சுருளி பந்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். நாகர்கோவில்காரன் பெயரைச் சொன்னார்கள். ஆறடி மூன்று அங்குலம். சுருளியைவிட மூன்று அங்குலம் குறைவு. அதற்குப் பிறகு நாலு அணி கூப்பிட்டது. நாலிலும் அவன் பெயர் இல்லை. ஸ்கேன் போனது இரண்டு நாளைக்கு முன்னால்தான், எழுதிய சந்தேகம் அதற்குள் அழியவில்லை போலிருக்கிறது. மதுரைக்கே சந்தேகம் என்றால் மற்றவர்கள் ஏன் தொடப்போகிறார்கள்?

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒருத்தன் கோட்டைச்சாமியைப் பார்த்து, "என்னா மாமா, வாக்குப் பலிச்சிருச்சா? சந்தோசமா?" என்றான். இன்னொருத்தன் சுண்டலை அவர் மேல் எறிந்தான்.

நான் எழுந்தேன். "ஏய், நிறுத்துங்கடா. சொன்னது அவரில்ல, நாந்தேன். சுருளிக்கு முட்டி சரியில்லைன்னு மதுரைக்காரன்ட்டச் சொன்னது நான். அவன் விரதத்துல முட்டையக் கலந்ததும் நான்."

பிறகு பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். ஒருத்தன் சிரித்தால் போதாதா? "அக்கா கொழுந்தனாருக்கு வக்காலத்து வாங்குது!" "முட்டையா, யக்கா, ஆம்லெட்டா, ஆப்பாயிலா?" அழுகிற நேரத்தில் சிரிக்கவைத்தேன் என்று ஒரு கிழவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சத்தியம் என்று கத்தக் கத்த இன்னும் சிரித்தார்கள்.

கோட்டைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வேட்டியில் ஒட்டிய சுண்டலைத் தட்டிவிட்டார். சுருளி பந்தைப் புல்லில் வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

பின்னாலேயே ஓடினேன். "டேய், நான் என்ன பண்ணணும், சொல்லு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் பண்ணாதீக அத்தே. மாமாவுக்குப் பண்ணுங்க."

மே 5

மெஸ் திறக்கவில்லை. காலையிலேயே சலூனுக்குப் போனேன். நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவை அந்தப் படியேறுகிறேன்.

"கொழுந்தனாரே, நான் இங்க உக்காந்துக்கிறேன். போற வர்றவனக் கூப்பிட்டு ஒவ்வொருத்தன்ட்டயாச் சொல்றேன்."

"முதல்ல எனக்குச் சொல்லுங்க மதினி" என்றார்.

சொன்னேன். அவருக்கு அப்பளம் வைத்த அந்த மத்தியானம் வரைக்கும் நடந்ததைச் சொன்னேன். அவர் சீப்பைக் கழுவிக்கொண்டே கேட்டார். முடித்ததும் என் தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார்.

"பாருங்க."

பார்த்தேன். என் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் தன்பாட்டுக்குச் சிரிக்கிறது. இத்தனை வருஷமாக எனக்கு இப்படித்தானா இருந்திருக்கிறது? கையால் பொத்திப் பார்த்தேன். எடுத்தால் மறுபடியும் அதே.

"இதோட போயிச் சொன்னா எவன் நம்புவான்?" என்றார்.

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முட்டையில் ஆரம்பித்து. சைக்கிள் செயின் என்கிற இடத்தில் வாய் இழுத்துக்கொண்டு போனது, நிறுத்தினேன். மறுபடி சொன்னேன். அந்த வாயை இறக்க எனக்கு வெகுநேரம் ஆனது. மைதானத்துக்குப் போகிற பயல்கள் இரண்டு பேர் வாசலில் நின்று கேட்டார்கள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தன் மற்றவன் கையைப் பிடித்தான். நான் முடித்ததும் இருவரும் மைதானத்துப் பக்கம் போனார்கள். அதில் ஒருத்தன் எனக்குக் கீரை பறித்துக் கொடுத்தவன். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து ஆட்டோக்காரர். அடுத்து அஞ்சல்காரர். யாரும் ஏசவில்லை. ஏசினால் பதில் சொல்லத் தெரியும் எனக்கு.

பதினோரு மணிக்குச் சுருளி வந்தான். தோளில் பை. வண்டன்மேட்டுக்கு ஜீப் ஏறப்போகிறவன். என்னைப் பார்த்தான், தாண்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மாமா, தாடி எடுத்து விடுங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து, "உங்களத் தப்பா நெனச்சுட்டேன்" என்றான்.

கோட்டைச்சாமி அவன் கழுத்தில் துணியைச் சுற்றினார். என் பக்கம் பார்க்காமல், "மதினி, அந்த மக்குல வெந்நி ஊத்திக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். சுருளி கண்ணை மூடிக்கொண்டான். கத்தி அவன் தாடையில் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வேறு யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அடுத்த ஆளுக்குச் சொல்ல.